வட்டக்கோட்டை – ஆரல்வாய்மொழி டிரையத்லான் பயிற்சி நாள்: இனியும் கடலில்தான் நீந்துவதா?

கிழக்குக்கரை | ஞாயிறு, இரவு 8.40

மக்களே, இன்று காலை நம் குமரி மாவட்டத்தில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு முழு டிரையத்லான் பயிற்சியை முடித்தோம். ஒலிம்பிக் தூரம்தான்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். யாரும் யாரையும் முந்தவில்லை, நேரமும் குறிக்கவில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துச் செய்தால் உடம்பு எங்கே தடுமாறும் என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

வட்டக்கோட்டைக்கு வடக்கே பனைகளுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து சைக்கிள்களை நிறுத்தினோம். அந்த ஊர் மீனவப் பெரியவர் ஒருவர் தம் வள்ளத்தோடு துணைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள் என்பதால் முதல் திருப்பலி முடிந்ததும் நேரே வந்துவிட்டார். வந்தவர் உடனே வள்ளத்தைத் தள்ளவில்லை. கரையில் நின்று நெடுநேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு, “இங்கே இறங்க வேண்டாம், அந்தப் பக்கம் வாருங்கள்” என்று எங்களை இருநூறு அடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் நாங்கள் நின்ற இடத்தில் அலையே உடையவில்லை. எங்கள் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் உடையாமல், தண்ணீர் சற்றுக் கறுத்துத் தெரிந்தால், கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது என்று விளக்கினார்.

கரைக்கு இணையாக நீந்தினோம். போகும்போது கோட்டைச் சுவர்தான் குறி. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைச் சற்று உயர்த்திச் சுவரைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நீச்சல் குளத்தில் அடியில் போட்ட கோட்டைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது பெரும் பாடு. எங்களில் ஒருவன் நேராகப் போவதாக நினைத்துக் கடலுக்குள்ளே போய்க்கொண்டிருந்தான். வள்ளம் போய்த் திருப்பிவிட்டது. அதே சமயம் உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கிறது. கால்கள் தாமாக மேலே வருகின்றன.

சைக்கிள் பாதை: அஞ்சுகிராமம், மயிலாடி, மருங்கூர், தோவாளை, ஆரல்வாய்மொழி, அங்கிருந்து அதே வழியில் திரும்பல். மயிலாடியில் காலையிலேயே உளிச்சத்தம் தொடங்கிவிட்டது. தோவாளையில் பூச்சந்தை முடிந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் போக முடிந்தது. மாசி மாதம் என்பதால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடங்கியே இருந்தது. பாதிக் காற்றாலைகள் சுற்றவே இல்லை.

ஓட்டம்தான் எல்லோரையும் உருக்கிவிட்டது. சின்னமுட்டம் நோக்கி 5 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் சில நிமிடங்கள் கால் நம்முடையதாகவே இல்லை. தொடை இன்னும் மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் ஓர் உணர்வு. திரும்பும்போது முகத்தில் நேர் வெயில். முடித்துவிட்டு அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் குழம்பும் சாப்பிட்டோம். அந்த ருசியை எழுதிக் காட்ட முடியாது.

இப்போது கேள்வி. எங்களில் இருவர் அடுத்த முறை கடல் வேண்டாம், நீச்சல் குளத்திலோ ஊர்க் குளத்திலோ நீந்திவிட்டு சைக்கிளை எடுக்கலாம் என்கிறார்கள். எனக்குக் கடலை விட மனமில்லை. இந்த மாவட்டத்தில் பயிற்சி செய்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

ரப்பர்காடு | ஞாயிறு, இரவு 9.25

அண்ணாச்சி, படிக்கும்போதே கால் துடிக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போன பாதை ஏறக்குறைய சமதளம். ஒருமுறை எங்கள் பக்கம் வாருங்கள். குலசேகரத்திலிருந்து திற்பரப்பு, அங்கிருந்து பேச்சிப்பாறை, திரும்பும்போது மாத்தூர் என்று ஒரு சுற்று போனால் தொடைக்கு வேறு பாடம் கிடைக்கும். நீண்ட மலையேற்றம் கிடையாது. குட்டி குட்டி ஏற்றம், உடனே இறக்கம், மறுபடி ஏற்றம். கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள் தோட்டங்களில் இருப்பார்கள். ஆளில்லாச் சாலை என்ற பயம் வேண்டாம். காலை 10 மணிக்கும் ரப்பர் மர நிழலில் ஓடலாம். சின்னமுட்டம் சாலையில் அந்த நிழலுக்கு எங்கே போவீர்கள்?

ஓடி முடித்து மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். 1966இல் கட்டி முடித்த பாலம், 115 அடி உயரம், கீழே பறளியாறு. வியர்வை தானாக ஆறும்.

நீச்சலுக்குக் கடல் எதற்கு? பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் கால்வாய்களில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நாங்கள் அங்கேதான் நீந்துகிறோம். நல்ல தண்ணீர், அலை கிடையாது, எதிர்நீச்சல் போட்டால் தோளுக்குத் தனிப் பயிற்சி.

---

வேளிமலை | ஞாயிறு, இரவு 10.05

ரப்பர்காடு தம்பி, பாதையைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி. கால்வாய் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாசனக் கால்வாய் நீந்துவதற்காகக் கட்டியது அல்ல. இரண்டு பக்கமும் பாசி பிடித்த சரிவு. களைத்துப்போன ஆள் கையூன்றி ஏற முடியாது. சாலைக்கு அடியில் போகும் இடங்களில் தண்ணீர் குறுகிய வாய்க்குள் இழுத்துக்கொண்டு போகும். மதகை எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்று நீந்துகிறவனுக்குத் தெரியாது. மரபாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை தண்ணீர் விடுவதால், மாசி பாதியில் கால்வாயே வற்றத் தொடங்கிவிடும். பருவத்துக்கு ஒருமுறை காணாமல் போகும் நீச்சல் குளத்தை நம்பிப் பயிற்சி அட்டவணை போட முடியுமா? அணைக்குள் இறங்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

ஊர்க் குளம் என்றால் தாமரைத் தண்டும் ஆகாயத்தாமரையும் காலைச் சுற்றும். அசையாத, சூடேறிய நன்னீரில் மூக்கு வழியாக ஏறும் அமீபாத் தொற்று 2024இல் பக்கத்துக் கேரளத்தில் உயிர்களைப் பறித்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். அரிதான நோய்தான். வந்தால் உயிருக்கே ஆபத்து.

பணம் கட்டி, குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் நீந்துங்கள். தூரத்தைச் சரியாக எண்ணலாம். களைத்தால் ஓரத்தைப் பிடிக்கலாம்.

---

மணக்குடிப்பாலம் | ஞாயிறு, இரவு 11.30

நான் நீச்சல் குளம் கட்சி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊர்ப் பாலத்தையே அலை பெயர்த்து எறிந்தது. சிறுவனாக நான் அதைப் பார்த்தேன். இன்றைக்கும் நான் கடற்கரைப் பக்கம் ஓடப் போகிறேன் என்றால் அம்மா வாசலில் வந்து நிற்பாள். தடுக்க மாட்டாள், நிற்பாள். நான் திரும்பி வந்த பிறகுதான் உள்ளே போவாள். அவளை அந்த வாசலில் நிற்க வைத்துவிட்டு என்னால் 1.5 கி.மீ. நீந்த முடியாது.

அதோடு 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததை மறக்க முடியவில்லை. அன்று புயல் இல்லை, மழை இல்லை. கள்ளக்கடல். நம் வானம் தெளிவாக இருக்கும்போதே, தெற்கே ஆயிரக்கணக்கான கி.மீ. தூரத்தில் அடித்த காற்று எழுப்பிய அலை இங்கே வந்து ஏறுகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. சுற்றுலா வருபவர் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்?

கிழக்குக்கரை அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களோடு வள்ளம் இருந்தது. அது இல்லாத இருவர் இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கு இறங்கினால் என்ன ஆகும் என்றுதான் பயப்படுகிறேன்.

---

கரைமடி | திங்கள், காலை 6.10

எல்லோர் எழுதியதையும் படித்தேன். நான் கடற்கரை ஊர்க்காரன். அப்பா கட்டுமரத்தில் போனவர், நான் வள்ளத்தில் போய்விட்டு இப்போது கரையில் வேறு வேலை பார்க்கிறேன். மணக்குடித் தம்பியின் அம்மா வாசலில் நிற்பதைப் படித்தபோது கண் கலங்கியது. எங்கள் தெருவிலும் அப்படி நிற்கும் அம்மாக்கள் உண்டு. அவர்களுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கடல் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பது எனக்குச் சரியான கேள்வியாகப் படவில்லை. எந்தக் கடல், எந்த மாதம், யார் சொல்லி இறங்குகிறோம் என்று கேளுங்கள். நம்முடையது ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டு கரை. அரசே அப்படித்தான் பார்க்கிறது. விசைப்படகுகளுக்குக் கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆனி ஆடியில் மேற்குக்கரையில் கடல் கொந்தளித்து அடிப்பதைப் பார்த்தவன் அங்கே நீச்சலைப் பற்றிப் பேசவே மாட்டான். முட்டம் பாறையில் அலை மோதும் சத்தம் ஊருக்குள்ளே கேட்கும். அதே மேற்குக் கடல் மார்கழி, தை மாதங்களில் தொட்டில் போல ஆடும். சித்திரை, வைகாசியில்தான் கள்ளக்கடல் அதிகம் வரும். அந்த மாதங்களில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கரையிலும் இறங்கக் கூடாது.

அதற்கு மேல் நீவாடு, அதாவது நீரோட்டம், இருக்கிறது. மேலே அலை ஒரு பக்கம் போகும், கீழே தண்ணீர் வேறு பக்கம் போகும். போன வாரம் இருந்த மணல்மேடு இந்த வாரம் இருக்காது. அது இடம் மாறினால் இழுக்கும் இடமும் மாறும். அதனால்தான் அந்தப் பெரியவர் நின்று பார்த்தார். நேற்று அவர் காட்டிய இடம் அடுத்த ஞாயிறும் நல்ல இடமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதக் கூடாது. நல்ல நீச்சல்காரனே அப்படித்தான் களைத்துச் சாகிறான். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். அது வெளியே கொஞ்ச தூரம் கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரையேறுங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வையுங்கள். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. எங்கள் ஊரில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் பயந்து பயந்து முடித்த 1.5 கி.மீ. அவர்களுக்கு விளையாட்டு. கரையில் நின்று கரைமடி வலை இழுத்துப் பழகிய தோள், மணலில் ஓடிப் பழகிய கால். டிரையத்லான் என்று ஒரு போட்டி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். உங்கள் குழு எங்கள் கடலுக்கு வருகிறது, எங்கள் பெரியவரின் வள்ளம் துணைக்கு வருகிறது, எங்கள் சாளைக் குழம்பு பந்திக்கு வருகிறது. எங்கள் பிள்ளைகள் மட்டும் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நேற்று நின்றார்களா இல்லையா, கிழக்குக்கரை?

---

கிழக்குக்கரை | திங்கள், காலை 7.45

நின்றார்கள் அண்ணாச்சி. ஏழெட்டுப் பேர். இரண்டு பேர் எங்களோடு பாதி தூரம் நீந்தியும் வந்தார்கள், சட்டையைக்கூடக் கழற்றாமல். அதில் ஒரு பையன் எங்கள் குழுவிலேயே வேகமானவனுக்கு முன்னால் போனான். தண்ணீரைக் கையால் பிடித்துப் பின்னால் தள்ளும் நுணுக்கம் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்திருக்கிறது. முழங்கை உயர்ந்தே நிற்கிறது. நாங்கள் காணொளி பார்த்து மாதக்கணக்கில் பழகும் விஷயம் அது.

தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து நீந்துவதுதான் அவனுக்குள்ள ஒரே குறை. அலையில் திசை பார்க்க அது உதவும், நெடுந்தூரத்துக்குக் கழுத்தும் இடுப்பும் களைத்துவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பதிவை எங்கள் ஐந்து பேருக்கும் அனுப்பிவிட்டேன். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம். எப்படி என்பதை இங்கேயே பேசுவோம்.

---

தோவாளைப்பிச்சி | திங்கள், பிற்பகல் 1.20

பிள்ளைகள் என்று சொல்லும்போது பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தானே சொல்கிறீர்கள்? உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதுவரை வந்த பதிவுகளில் பெண்ணைப் பற்றிய பேச்சு வாசலில் நிற்கும் அம்மாவைப் பற்றி மட்டுமே.

நான் ஸ்பிரிண்ட் தூரம் பயிற்சி செய்கிறேன்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். சைக்கிளும் ஓட்டமும் எனக்குப் பிரச்சினையே இல்லை. தோவாளையில் பூக்காரர்கள் நடுச்சாமத்திலேயே எழுந்துவிடுவதால் விடியலில் சாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும். கூட இரண்டு பெண்கள் இருந்தால் நாகர்கோவில் வரை தயக்கமின்றிப் போய் வரலாம். நீச்சல்தான் எப்போதும் தடை. கடலில் இறங்கி ஏறினால் உடை மாற்ற ஓர் அறை கிடையாது. நனைந்த உடையோடு சைக்கிளில் ஏறினால் பார்ப்பவர் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நீச்சல் குளங்களில் பெண்களுக்கென்று ஒதுக்கும் நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவருவதில்லை.

நான் கண்டுகொண்ட வழி இது. முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் மூடும் ஒற்றை உடை; நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் அதுவே. போட்டிகளிலும் உடை மாற்றாமல் இப்படித்தான் போகிறார்கள். மேலே ஒரு தளர்ந்த பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவேன். பத்து நிமிடத்தில் காற்றே காயவைத்துவிடும். பனைக்கு அடியில் தார்ப்பாயை விரித்தீர்களே, இன்னொரு தார்ப்பாயை நான்கு கழியில் சுற்றிக் கட்டுங்கள். அது போதும் எங்களுக்கு. அது இருந்தால் கடற்கரை ஊர்ப் பெண் பிள்ளைகளின் அம்மாக்களும் அனுப்புவார்கள். அவர்களோடு பேச நான் வருகிறேன்.

---

இரவுப்பணிச்செவிலி | திங்கள், மாலை 4.50

நடந்து முடிந்த பயிற்சியைப் பற்றி ஒன்று. கிழக்குக்கரை, ஓட்டத்தில் “உருகிவிட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்று எழுதவே இல்லை.

---

கிழக்குக்கரை | திங்கள், மாலை 5.15

தண்ணீர்தான் அக்கா, நிறைய. நடுவில் ஆளுக்கு ஓர் இளநீர். சைக்கிளில் மட்டிப் பழம் கொண்டுபோனோம். சிறிய பழம், ஒரே வாயில் போட்டுக்கொண்டு மிதிக்கலாம். ஓட்டம் முடிந்ததும் ஒருவனுக்குத் தலைவலி, குமட்டல். வெயில் என்று நினைத்தோம்.

---

இரவுப்பணிச்செவிலி | திங்கள், மாலை 5.40

வெயிலாகவும் இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம், அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும்தான். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் வெளியேறும். ஆளுக்கு ஆள் இது மாறும். மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், கை விரல் வீக்கம், பிறகு பேச்சுக் குழறல், வலிப்பு வரை போகும். நெடுந்தூரப் போட்டிகளில் இதனால் இறந்தவர்கள் உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், தலைசுற்றுகிறது என்று சொன்னவுடன் பக்கத்தில் இருப்பவர்கள் “இன்னும் தண்ணீர் குடி” என்று கொடுப்பார்கள்.

இளநீர் அருமையானது, அதில் உள்ளது பெரும்பாலும் பொட்டாசியம். சோடியம் குறைவு. இளநீர் குடித்துவிட்டதால் உப்பு ஈடாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு தேக்கரண்டி சாதாரண உப்பு 5 கிராம், அதில் சோடியம் ஏறக்குறைய 2 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை, கருப்பட்டி கரைத்துக் கொண்டுபோங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இன்னும் நல்லது. பனை ஓரத்திலேயே நிற்கிறீர்கள். பருவத்தில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் சர்க்கரைக்கு அதைவிட என்ன வேண்டும்? அதிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் உங்களுக்குப் பற்றாக்குறை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள், அதுதான் ஆபத்து. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒலிம்பிக் தூரம் வேண்டவே வேண்டாம். பாதிக்கும் குறைவாக வையுங்கள், 8 மணிக்குள் முடியுங்கள்.

---

ரப்பர்காடு | திங்கள், இரவு 8.00

அக்கா சொன்னதைத் தாளில் எழுதி என் சைக்கிள் பையில் வைத்துவிட்டேன். வேளிமலை அண்ணா, கால்வாய் பற்றி நீங்கள் சொன்னதற்கு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எங்கள் தலைமுறையே அதில்தான் நீச்சல் கற்றது. ஆனால் கூட வரும் புதியவர்களை இனி அங்கே இறக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்குச் சைக்கிள்? அதுதான் பெரிய செலவு. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

---

சக்கரம்700 | திங்கள், இரவு 9.10

அதற்காகவே உள்ளே வந்தேன். மார்த்தாண்டம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன்.

டிரையத்லான் சைக்கிள் என்றால் லட்சக்கணக்கில் செலவு என்ற பயத்தில்தான் பாதிப் பேர் இந்த விளையாட்டுக்குள் வருவதில்லை. 1978இல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் நடந்தபோது தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. மிதித்து, 42.2 கி.மீ. ஓடினார்கள். இன்றைக்குள்ள கார்பன் சட்டமும் காற்றைக் கிழிக்கும் சக்கரமும் அவர்களிடம் கிடையாது. முதலில் வந்தவர் 12 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்.

எங்கள் கடைக்கு அடிக்கடி வருவது பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள். படிப்பு முடிந்ததும் வீட்டுச் சுவரில் சாய்ந்தே துருப்பிடிக்கிறது. எடை அதிகம், கியர் கிடையாது, அது உண்மை. அச்சுக்குக் கிரீஸ் போட்டு, புது பிரேக் கட்டை மாட்டி, இருக்கையை உயர்த்தினால் 10, 15 கி.மீ. பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். இருக்கை உயரம்தான் முக்கியம். மிதி கீழே போகும்போது முழங்கால் சற்று மட்டும் மடங்கி இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் இருக்கையைத் தாழ்த்தி வைத்து மிதிப்பதால்தான் முழங்கால் வலி வருகிறது. கியர் இல்லாத சைக்கிளில் பழகியவன் பிறகு கியர் சைக்கிளில் ஏறினால் பறப்பான்.

தொடக்க நிலைப் போட்டிகள் பலவற்றில் சாதாரணச் சைக்கிளோடு கலந்துகொள்ளலாம். பிரேக்கும் ஹெல்மெட்டும் மட்டும் கட்டாயம். ஹெல்மெட் விஷயத்தில் நான் கறார். பட்டை பூட்டாத தலையோடு ஒரு பிள்ளையும் சாலையில் ஏறக் கூடாது.

பெரியவர்களுக்கும் ஒன்று. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழியில் மேற்குக் காற்று அடிக்கும்போது ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து மிதிப்பீர்கள். பயிற்சியில் அது சரி. அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை நேரம். அதனால் காற்றில் தனியாக மிதிக்கவும் பழகுங்கள். பெருங்காற்றுக்கு உயரமான சக்கர விளிம்பு ஆகாது, பக்கக்காற்று பாய்மரம் விரித்த மாதிரி தள்ளிவிடும்.

என்னிடம் சரிசெய்து வைத்த பழைய சைக்கிள் மூன்று இருக்கிறது. கொண்டுவருகிறேன். திருப்பித் தர வேண்டாம்.

---

கரைமடி | செவ்வாய், காலை 5.50

சக்கரம் அண்ணாச்சி, இதற்கு நான் என்ன சொல்வேன். நேற்று இரவு அந்தத் தெருவில் போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு பையன்கள், ஒரு பெண் பிள்ளை தயார். அந்தப் பெண் பிள்ளையின் அம்மா முதலில் கேட்டது உடை மாற்றும் இடம் உண்டா என்பதைத்தான். பிச்சித் தங்கச்சியின் நான்கு கழித் தார்ப்பாயைப் பற்றிச் சொன்னேன். “அந்த அக்காவையே வரச் சொல்லுங்கள், பேசிக்கொள்கிறேன்” என்றார்.

ஒரு சிக்கல். ஞாயிறு காலை பிள்ளைகளுக்குத் திருப்பலி, அதற்குப் பின் மறைக்கல்வி. கொஞ்ச நேரம் வந்து நிற்கலாம், முழுப் பயிற்சிக்கு வர முடியாது. ஞாயிறு மாலை என்றால் பிற்பகலில் கடற்காற்று எழுந்து தண்ணீர் கலங்கலாக அடிக்கும். புதிதாய் நீந்துகிறவர்களுக்கு ஆகாது. சனிக்கிழமை காலை வைத்தால் பிள்ளைகள் வருவார்கள், பெரியவருக்கு அது தொழில் நாள். அவரிடமும் கேட்டேன். அன்று தொழிலுக்குத் தம் மகன் போவான் என்றும், சிறிய வள்ளத்தோடு தாமே வந்து நிற்பதாகவும் சொன்னார். ஒரு நாள் கூலியாவது கொடுங்கள் என்று நான் உங்கள் சார்பில் சொன்னேன். அதற்கு அவர் தலையசைக்கவில்லை. நீங்கள்தான் பேசிக் கையில் வைக்க வேண்டும்.

---

மணக்குடிப்பாலம் | செவ்வாய், காலை 8.30

நான் நீந்த வரவில்லை. சைக்கிளில் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி ஆளாக வருகிறேன். பஞ்சர் ஒட்டத் தெரியும். முந்தைய நாள் மாலை கடல் எச்சரிக்கையைப் பார்த்து இங்கே பதிவதும் என் பொறுப்பு. எச்சரிக்கை இருந்தால் நீச்சல் ரத்து, ஓட்டமும் சைக்கிளும் மட்டும். சம்மதமா?

---

கிழக்குக்கரை | செவ்வாய், காலை 9.00

சம்மதம் தம்பி. அப்படியே வைத்துக்கொள்வோம்.

வருகிற சனிக்கிழமை, காலை 6.15, அதே பனை. எச்சரிக்கை இல்லையென்றால், பெரியவர் காட்டும் இடத்தில் 300 மீட்டர் நீச்சல். அஞ்சுகிராமம் வரை போய்த் திரும்ப சைக்கிள். பிறகு 2 கி.மீ. ஓட்டம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அன்று ஒரே தூரம். வள்ளத்துக்கான கூலியை ஐந்து பேரும் பங்கிட்டுக்கொள்கிறோம், கொடுத்தே ஆவோம்.

பிச்சி தங்கச்சி, தார்ப்பாயும் கழிகளும் நான் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மாவைப் பார்க்கப் போகும்போது என் மனைவியும் உங்களோடு வருவாள். செவிலி அக்கா, எடை பார்க்கும் கருவி உங்களிடம் இருந்தால் நல்லது. சக்கரம் அண்ணாச்சி, ஹெல்மெட் சிறிய அளவில் இரண்டுதான் என்னிடம் இருக்கிறது, இன்னொன்று வேண்டும். நீச்சல் கண்ணாடி மூன்றும் நான் வாங்கிவிடுகிறேன்.

---

சக்கரம்700 | செவ்வாய், காலை 9.20

ஹெல்மெட் இருக்கிறது. அந்தப் பெண் பிள்ளையின் உயரம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், இருக்கையை இங்கேயே வைத்துக் கொண்டுவருகிறேன்.

---

கரைமடி | செவ்வாய், பகல் 12.05

நான்கு அடி பத்து அங்குலம். கால் நீளம்.